ட்ரெய்லருக்கு எந்த பிரேக்

ஸ்ரீரங்கத்துல நாங்க கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவங்க. அடுப்பு, அண்டா எல்லாம் ஏத்துற ட்ரெய்லரை எங்க வீட்டுக்காரர்தான் ஜீப்புல மாட்டி ஓட்டுவாரு. போன ஆடியில சமயபுரம் அன்னதானத்துக்குப் போறப்ப, கொள்ளிடம் பாலம் இறங்குற இடத்துல அது ஜீப்பைப் பின்னாலேருந்து ஒரு தள்ளு தள்ளுச்சு பாருங்க, முன்னாடி போன பஸ்ஸை இடிக்காம தப்பிச்சது எங்க நல்ல நேரம். ட்ரெய்லருக்குன்னு தனி பிரேக் கிடையாது. "பிரேக் மாட்டாம இனி இது வாசலைத் தாண்டக் கூடாது"ன்னு கறாரா சொல்லிட்டேன்.

துவாக்குடியில ஒரு பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் ரெண்டு வகை சொன்னாரு. சர்ஜ் பிரேக்னா ஒயரே வேண்டாம். ஜீப்ல பிரேக் மிதிச்சதும் ட்ரெய்லர் முன்னாடி தள்ளுமில்ல, அந்தத் தள்ளுலயே அதோட பிரேக்கும் பிடிச்சுக்கும். எலெக்ட்ரிக்னா ஜீப்லேருந்து ஒயர் இழுக்கணும், ட்ரெய்லர் பிரேக்கை இயக்க ஸ்டியரிங் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி வைக்கணும்.

"எங்களுக்கு ஒயர் இல்லாததே போதுங்க"ன்னேன். அண்டா கழுவுற தண்ணி நாள் பூரா ஓடுற வண்டி. போதாக்குறைக்கு எலி வேற.

"இல்ல, எலெக்ட்ரிக்தான்"னாரு இவரு, வெடுக்குனு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மிக்ஸி வாங்கக்கூட "நீயே பாத்துக்க"ங்கிற மனுஷன்! ஏன்னு கேட்டா டயரைத் தட்டிப் பாக்குறாரு. பட்டறைக்காரர் என்னடான்னா கூரையைப் பாக்குறாரு. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு, விக்காத சரக்கை என் தலையில கட்டப் பாக்குறாங்கன்னே முடிவு கட்டிட்டேன். அவங்க டீக்கடைக்குப் போனா நானும் பின்னாடியே போனேன். இவரு செல்லை எடுத்தா எட்டிப் பாத்தேன். வெக்கமாத்தான் இருந்துச்சு, ஆனாலும் பாத்தேன்.

மாட்டி முடிச்ச அன்னிக்குப் பட்டறை வாசல்லயே ஓட்டிப் பாத்தோம். "நிறுத்துங்க"ன்னு பட்டறைக்காரர் குரல் கொடுத்ததும், இவரு காலை அசைக்கவே இல்லை. பெட்டியில இருந்த குட்டி லீவரைக் கையால தள்ளுனாரு. ட்ரெய்லர் கப்புனு பிடிச்சு, ஜீப்பையும் சேத்து இழுத்து நிறுத்துச்சு.

"பாத்தியா, கையாலயே நிறுத்தலாம்"னு ஒரு சிரிப்பு. மிதிக்கிறதை விட்டுட்டு எதுக்கு இந்த வித்தைன்னு எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிப்போச்சு.

இறங்கிப் போனாரு. வலது கால் செருப்பு ஜீப்புக்குள்ளயே கிடந்துச்சு. கழண்டது அவருக்குத் தெரியலை. உச்சி வெயில்ல காஞ்ச இரும்புத் தகடு மேல வெறுங்காலோட நின்னுக்கிட்டு, பட்டறைக்காரர்கிட்ட நிதானமா பேசிக்கிட்டிருந்தாரு.

"என்னங்க, கால் சுடலையா?"ன்னு கத்துனேன்.

குனிஞ்சு பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு.

"கொஞ்ச நாளாவே அந்தக் கால்ல உணர்ச்சி இல்லை. சர்க்கரை. மிதிக்கிறேனா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. சொன்னா நீ ஓட்ட விட மாட்டே."

அடப்பாவி மனுஷான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சாவியைக் கேட்டேன். உள்ளங்கையில வச்சு இறுக்கி மூடிக்கிட்டாரு. ஒவ்வொரு விரலாப் பிரிச்சுத்தான் எடுத்தேன்.