கேத்தில் காய்ந்த வெள்ளிக்கிழமை

போன கிழமை சமையலறைக் குழாய் ஒழுகத் தொடங்கிவிட்டது. ரொறன்ரோவின் கிழக்கே மல்வேர்னில் இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. எனக்கு முழங்கால் போனதுபோல அதற்குக் குழாய். திருத்த வந்தவர் இங்கேயே பிறந்த நம்முடைய பிள்ளை, முப்பது வயதிருக்கும். தொட்டிக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "அங்கிள், மெயின் வால்வை மூடுங்கோ. பைப்புக்குள்ள கொஞ்சம் தண்ணி நிண்டாலும் ஹீற் ஏறாது" என்றார். பிறகு காஸ் சுவாலையைப் பற்றவைத்தார்.

நீல நெருப்பு, சூடேறும் உலோகத்தின் மணம். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"அங்கிள், ஆர் யூ ஓகே?"

"ஓம், ஓம். நீர் வேலையைப் பாரும்."

தண்ணீர் நிற்கிற இடத்தில் சூடு ஏறாது. இதை அவருடைய தகப்பன் இந்த நாட்டில் கால்வைக்க முன்னரே நான் அறிவேன். அறிந்து என்ன பயன் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் அப்போது நம்மவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சப்வேயில் ஒரு சேலையைக் கண்டால் வெட்கமில்லாமல் கிட்டப்போய் எந்த ஊர் என்று விசாரிப்போம். நான் சென் ஜேம்ஸ் ரவுணில் நாலு பேருடன் ஒரு அறையைப் பங்குபோட்டிருந்தேன். வேலை நகரத்தின் மேற்குப் பக்கத்தில், வேட்டைத் துப்பாக்கிகள் விற்கும் ஒரு கடையின் பின்னறையில். ஊருக்கு எழுதிய கடிதங்களில் 'உலோகத் தொழிற்சாலை' என்று எழுதினேன். என் மனைவி அதை ஊர் முழுக்க வாசித்துக் காட்டியிருப்பாள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

உண்மையில் அது ஒரு அளவுத் தோட்டாவின் வெற்றுக் கோதை, அதாவது சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டை, இன்னோர் அளவாக மாற்றுகிற வேலை. போர் முடிந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த பழைய ஜெர்மன் துப்பாக்கிகள் அந்நாளில் பல வீடுகளில் இருந்தன. அவற்றுக்கான தோட்டா கிடைப்பது அரிது. கிடைத்தாலும் யானை விலை. இராணுவம் சுட்டுக் கழித்த அமெரிக்க அளவுப் பித்தளைக் கோதுகளோ சாக்குச் சாக்காக வரும். அடிப்பக்கத்தின் பருமன் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே நீளமான கோதை அச்சுக்குள் அழுத்தி, தோள்போல ஒடுங்கும் இடத்தைக் கீழே இறக்கி, மிச்சத்தை வெட்டி, குண்டு செருகும் கழுத்தை உள்ளே கடைந்து மெல்லிதாக்கினால் புதுக்கோது தயார். அடியில் பொறித்த பழைய அளவு மட்டும் அப்படியே இருக்கும். புது அளவைப் பெட்டியில் லேபிளாக ஒட்டுவோம். மருந்தும் குண்டும் வாங்குகிறவர்களே அடைத்துக்கொள்வார்கள்.

என்னோடு வேலை செய்தவர் வெள்ளியங்கிரி. கோயம்புத்தூர்க்காரர், உலோகவியலில் பட்டம் பெற்றவர், என்னைவிட நாலு வயது மூப்பு. எந்தக் கம்பனிக்குப் போனாலும் கனடா அனுபவம் இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அந்த அனுபவத்தைத் தேடித்தான் அவர் என்னைப் போன்ற ஒருவனுக்குப் பக்கத்தில் நின்று கரி பூசிக்கொண்டார். கோதின் அடியைத் திருப்பிக் காட்டி ஒருநாள் சொன்னார்: "பாருங்க, மேல எவ்வளவு ராவினாலும் இங்க எல்லாரும் அடியைத்தானுங்க படிக்கறாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அழுத்தப்பட்ட பித்தளை விறைத்துப்போகும். அப்படியே விட்டால் கழுத்து பிளக்கும். அதனால் கழுத்தைச் சூடாக்கி இளக்க வேண்டும். ஒரு தகரத் தட்டில் கோதுகளை நிறுத்தி, அரைவாசி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, விளக்கை அணைத்துவிட்டு, மேலே சுவாலையைப் பிடிப்போம். இருட்டில் கழுத்து மங்கலாகச் சிவக்கும். சிவந்தவுடன் தட்டிவிட்டால் சுர்ரென்று தண்ணீருக்குள் விழும். கழுத்து இளகலாம், அடி இளகக் கூடாது. வெடியின் வேகம் முழுவதையும் தாங்குவது அடிதான். அந்த அடியைக் காப்பது தட்டிலுள்ள தண்ணீர்.

தட்டுத் தண்ணீர் வற்ற வற்ற ஊற்றுவதற்கும் எங்கள் தேநீருக்கும் இருந்தது ஒரே கேத்தில். தண்ணீர்க்குழாயோ கடையின் முன்பக்கம், விற்பனை மேசைக்கு அப்பால். வாடிக்கையாளர் நிற்கும்போது நாங்கள் முன்னுக்கு வருவதை முதலாளி விரும்பவில்லை. அதை அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதுவும் மரியாதையாகத்தான் சொன்னார். இரண்டாம் முறை சொல்லவைக்கும் அளவுக்கு நாங்கள் தோல் தடித்தவர்கள் அல்ல. ஆகவே எங்களுக்குள் ஒரு சட்டம்: கேத்திலை வெறுமையாக்கியவர், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நிரப்பிவைக்க வேண்டும்.

"ஏனுங்க, கெட்டில்ல தண்ணி இருக்குதுங்களா?"

"கேத்தில் எண்டு சொல்லுங்கோ அண்ணை. அப்பத்தான் கொதிக்கும்."

ஒவ்வொரு நாளும் இதே பகிடி. ஒவ்வொரு நாளும் இருவரும் சிரிப்போம்.

அந்த இலையுதிர் காலத்தில் இருவருமே முதலாளியிடமிருந்து ஆளுக்கொரு கடிதத்துக்காகக் காத்திருந்தோம். எனக்கு, மனைவியைக் கூப்பிடுவதற்கு நிரந்தர வேலை இருக்கிறதென்ற கடிதம். வெள்ளியங்கிரிக்கு, மிசிசாகாவில் ஒரு கம்பனி கடைசியில் மனமிரங்கி, இப்போதைய முதலாளி நல்ல வார்த்தை எழுதித் தந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தது. அது அவர் படித்த வேலை.

வேட்டைக் காலம் நெருங்கியதால் கடையில் ஓயாத சனம். வெள்ளிக்கிழமை பின்னேரம், குளிருக்குக் கேத்திலில் இருந்த கடைசித் தண்ணீரையும் தேநீருக்கு ஊற்றிவிட்டேன். தட்டில் தண்ணீர் கீழே போயிருந்தது. முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்கள் நடுவே கேத்திலும் கையுமாகப் போய் நிற்க எனக்கு மனமில்லை. ரோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம். சோம்பலும் பாதி இருந்தது. இன்னும் நாற்பது கோதுதானே என்று சுவாலையைப் பிடித்தேன்.

விளக்கைப் போட்டபோது பார்த்தேன். வழக்கமாகத் தோளோடு நிற்கும் நிறமாற்றம் அடிவரை இறங்கியிருந்தது. அந்த நாற்பதையும் குப்பையில் கொட்டியிருக்க வேண்டும். குப்பை வாளியை முதலாளி தினமும் எட்டிப் பார்ப்பார். என் கடிதம் அவருடைய மேசையில் கிடந்தது. நான் அவற்றை மற்றக் கோதுகளோடு கலந்து, மெருகேற்றும் உருளைக்குள் போட்டு மூடினேன். திங்கட்கிழமை திறந்தபோது எல்லாமே ஒரே மாதிரிப் பொன்னாக மின்னின. வெள்ளியங்கிரி அளவுக்கருவியால் ஒவ்வொன்றையும் சோதித்தார். அந்தக் கருவி நீளத்தைச் சொல்லும், பருமனைச் சொல்லும், அடி இளகியதைச் சொல்லாது. வழக்கம்போலப் பெட்டியில் கையெழுத்திட்டார்.

மூன்று கிழமை கழித்து முதலாளி ஒரு கோதைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தார். அடி வீங்கிக் கிழிந்திருந்தது. வடக்கே மூஸ் மான் வேட்டைக்குப் போன ஒரு கிழவரின் துப்பாக்கியில் வெடித்த வாயு பின்பக்கமாக முகத்தில் அடித்திருந்தது. இடது கண் போய்விட்டது.

வெள்ளியங்கிரி கோதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அடியில சூடு பட்டிருக்கு" என்று தமிழில் மெதுவாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். முதலாளி பெட்டியிலிருந்த கையெழுத்தைக் காட்டி, யார் இதற்குப் பொறுப்பு என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். சீமெந்துத் தரையில் ஒரு வெடிப்பு, கதவுப் பக்கம் போகும் வெடிப்பு. அதை இப்போதும் கீறிக் காட்டுவேன். எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. கடைசியில் வெள்ளியங்கிரி, கையெழுத்து என்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

வழக்கறிஞர்கள் விசாரித்து முடிக்கும்வரை இரண்டு கிழமை அவரை வைத்திருந்தார்கள். அந்த இரண்டு கிழமையும் அவர் என்னோடு தேநீர் குடித்தார். கேத்தில் பகிடியை மட்டும் சொல்லவில்லை. பிறகு வேலையும் போனது, கடிதமும் இல்லை, மிசிசாகாவும் இல்லை. மிச்சப் பெட்டிகளைத் திருப்பியெடுத்து, ஒவ்வொரு கோதாகச் சுத்தியலால் நசுக்கும் வேலையை முதலாளி எனக்குத் தந்தார்.

கடைசி நாள், தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரின் தரிப்பு வரை அவரோடு நடந்தேன். பனி கலந்த மழை தூறியது. ஸ்ட்ரீட்கார் வருவது தூரத்தில் தெரிந்தபோது அவர் சொன்னார்:

"அந்த வெள்ளிக்கிழமை டீ போடப் போனேனுங்க. கெட்டில் காஞ்சு கெடந்துச்சு. தட்டுல ஊத்தியிருப்பீங்கன்னு நெனச்சுட்டேன்."

நான் கிட்ட வரும் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்களே சொல்லிருவீங்கன்னு ரெண்டு வாரமாப் பார்த்துட்டு இருந்தேன். செரி, விடுங்க. ஊட்டுக்காரம்மா வந்தா, கேட்டேன்னு சொல்லுங்க."

மனைவி அடுத்த வருடம் வந்தாள். நாற்பது வருடம் என்னோடு வாழ்ந்து போய்விட்டாள். அவளுக்கு நான் எதையும் சொல்லவில்லை. யார் கேட்டதாகச் சொல்வது? நல்ல மனுஷன் என்று அவள் என்னைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஏன் எரிந்து விழுகிறேன் என்று அவளுக்கு விளங்கியதே இல்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி அடுக்குமாடி. முதலாளி இல்லை, அந்தக் கிழவரும் இருக்க வழியில்லை. முன்பெல்லாம் வருடா வருடம் தடித்த தொலைபேசிப் புத்தகம் வாசலில் கிடக்கும். ஒரு வருடம் அதில் வெள்ளியங்கிரியின் பெயரைக் கண்டேன். அந்தப் பெயரில் இந்த ஊரில் இன்னொருவர் இருக்க முடியாது. அன்றிலிருந்து புத்தகம் வந்ததும் முதல் வேலை அந்தப் பக்கத்தைத் திறந்து, பெயரையும் அதற்கெதிரே இருந்த நம்பரையும் வாசித்து, ஆள் இருக்கிறார் என்று பார்த்துவிட்டு மூடுவது. ஒருமுறைகூட எடுத்துப் பேசவில்லை. பிறகொரு வருடம் பெயர் இல்லை. இன்னும் சில வருடத்தில் புத்தகமே வராமல் நின்றுவிட்டது.

குழாய் திருத்தியவர் போகும்போது, சந்தேகம் என்றால் போன் அடியுங்கோ என்று தன்னுடைய நம்பரைச் சொன்னார். கடுதாசியில் எழுதித் தரச் சொன்னேன். இந்த வயதில் எனக்கு நம்பர்கள் நினைவில் நிற்பதில்லை, ஒன்றைத் தவிர.