மாமாவின் கதிர்கள்

என் மாமா டிராயரோடு மொட்டைமாடியில் கிடந்ததைத் தெருவே பார்த்த நாள், தம்பிக்குக் காது குத்தியதற்கு மறுநாள்.

தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்த முடியாதே. அதனால்தான் ஹைதராபாத்திலிருந்து நேராக மதுரை ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியவர், மானகிரியில் எங்கள் வீட்டுக்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டிக்குள் கறுப்புத் தாளில் சுற்றிய கண்ணாடித் தகடுகள். ராட்சத பலூனில் கட்டி வானத்தின் விளிம்புவரை அனுப்பி இறக்கியவை. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் அவற்றின் பூச்சில் கோடு கிழித்துவிட்டுப் போகுமாம். போட்டோ ஃபிலிம்போல் இருட்டறையில் மருந்தில் கழுவினால் தெரியுமாம். அந்தக் கோடுகளை ஆராய்ந்துதான் மாமா டாக்டர் பட்டம் வாங்க வேண்டும். மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிய தகடுகள்.

"பலூன் சீக்கிரமே கிழிஞ்சிருச்சு அத்தான். இன்னுங் கொஞ்ச நேரம் மேல நின்னிருந்தா நெறையக் கதிர் விழுந்திருக்கும்" என்று சாப்பிடும்போது அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அவர் முகம் வாடியது எனக்குப் பொறுக்கவில்லை. எட்டு வயது எனக்கு. சித்திரை மாதத்தில் எங்கள் ஊரில் கதிருக்கா பஞ்சம்? மாமா மதியம் கண்ணயர்ந்ததும் பெட்டியை மாடிக்குத் தூக்கிப்போய், தாளை உரித்து, மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் தகடுகளைப் பரப்பினேன். அம்மா வற்றலுக்குச் செய்வதுபோல் அரைமணி கழித்துத் திருப்பியும் போட்டேன். பிறகு அவரை எழுப்பினேன்.

"மாமா, மாடிக்கு வந்து பாருங்க. ஒங்களுக்கு நெறையக் கதிர் பிடிச்சு வச்சிருக்கேன்."

மேலே வந்தவர் அலறினார். ஆம்பிளை அப்படி அலறி நான் கேட்டதே இல்லை. வேட்டியை உருவித் தகடுகள்மேல் வீசி, அதன்மேல் தானும் குப்புற விழுந்தார். எதிர்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா ஓடிவந்தாள்.

"என்னடா கோலம் இது? பெட்டியத் தொறந்தது யாரு?"

கறுப்புத் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மாமா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"நான்தான்க்கா. காயட்டும்னு வச்சேன்."

மாமா பொய் சொல்வாரா! அலறலைவிட அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. சாயங்காலம் பஸ் ஏறும்போது பயந்து பயந்து கேட்டேன்.

"கதிர் போதுமா மாமா?"

"போதும்த்தா. ரொம்பவே விழுந்திருச்சு."

அடுத்த வருஷம் பக்கத்து ஊர் நாச்சியாபுரத்தில் நான் படித்த பள்ளிக்கே மாமா கணக்கு வாத்தியாராக வந்து சேர்ந்தார். என்னை விட்டுப் பிரிய மனசில்லாமல்தான் வந்துவிட்டார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.