தங்கையை எடுத்த படம்

எனக்குப் பொம்மசந்திராவில் தொழிற்சாலை வேலை. யாரிடமும் முகம் பார்த்துப் பேச வராது. கேமரா வாங்கியது தங்கைக்காக.

அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கையில் ஸ்டூடியோ படம் இருந்தது. அதில் அவள் நல்ல சிவப்பு. பெண் பார்க்கும் படம் என்றாலே ஸ்டூடியோவில் முகத்தை வெளுப்பாக்கித் தந்துவிடுவார்கள், கேட்கவே வேண்டாம். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், காபி குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்களும் அப்படியே.

"நீயே ஒண்ணு எடுண்ணே. நான் எப்படி இருக்கேனோ அப்படியே எடு. அதப் பாத்துட்டு வர்றவங்க வரட்டும்" என்றாள்.

பிரேசர் டவுனில் பழைய கேமரா விற்கும் பாய் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார்.

"இது ஆட்டோமேட்டிக். அமுக்கினா போதும். அது எல்லாம் கையால திருப்பணும், உனக்கு எதுக்குப்பா தொல்லை?"

ஆட்டோமேட்டிக்கில் ஒவ்வொரு பொத்தானுக்குப் பக்கத்திலும் ஆங்கிலம். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். மற்றதில் வெறும் எண்கள்தான் இருந்தன. எண்கள் எனக்குத் தெரியும். அதைக் காட்டினேன். உள்ளே பார்த்தால் ஒரு முள் தெரியும், வளையத்தைத் திருப்பி அதை நடுவில் கொண்டுவந்தால் வெளிச்சம் சரி என்று பாய் சொல்லிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வெள்ளையடித்த சுவர் முன்னால் தங்கையை நிறுத்தி, முள்ளை நடுவில் வைத்து எடுத்தேன். கழுவி வந்த படங்களில் சுவர் சாம்பல் நிறமாகவும் அவள் முகம் கரியாகவும் இருந்தன.

"நான் கறுப்புதாண்ணே. ஆனா இவ்ளோ இல்ல" என்று சிரித்தாள்.

அதே ரோலில், நீலக் கதவோரம் விளையாட்டாக எடுத்த ஒரு படத்தில் மட்டும் முகம் தெளிவாக இருந்தது. கேமராவைச் சுவருக்கும் கதவுக்கும் மாற்றி மாற்றித் திருப்பிப் பார்த்தேன். முள் நகர்ந்தது. அவளை அல்ல, சுவரைத்தான் அது அளந்திருக்கிறது. அடுத்த முறை அவள் முகத்துக்குப் பக்கத்தில் போய் முள்ளைப் பார்த்து வைத்துக்கொண்டு, பின்னால் வந்து எடுத்தேன்.

விவேக் நகர் கலர் லேபில் நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தவர், "பொண்ணு பாக்கறதுக்கா அண்ணா? கொஞ்சம் வெளுப்பா போட்டுடறேன்" என்றார்.

"வேணாம்" என்றேன். அவர் காதில் விழவில்லை, கவரில் ஏதோ எழுதினார். இன்னொரு தடவை சொன்னேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருக்கற மாதிரியே போடுங்க."

"அப்புறம் வந்து என்னைக் கேக்காதீங்க" என்றார்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தங்கவயலில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு தங்கையை ஏற இறங்கப் பார்த்தார்.

"போட்டோல இருக்கற அதே பொண்ணுதான். ஒக்காரும்மா, எதுக்கு நிக்கறே?" பிறகு, "யார் எடுத்தது இத?" என்று கேட்டார்.

"எங்கண்ணன்" என்றாள் தங்கை.

எல்லோரும் என்னைத் தேடினார்கள். நான் காபி கொண்டுவர உள்ளே போயிருந்தேன்.