தரைக்குக் கீழே நடந்தது

எழுபதுகளில், தூத்துக்குடிக்கு மேற்கே புதிதாகப் பிரித்த மனையில் வீடு கட்டிக் குடிபோனோம். பள்ளத்தில் சிப்பி ஓடுகளைக் கொட்டி மேடாக்கிய இடம் அது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அடுப்படியில் நின்றேன். தரைக்குக் கீழே யாரோ சிப்பி ஓடுகளை மிதித்து நடப்பதுபோல் சத்தம் கேட்டது. அது மெதுவாகக் கூடத்தைக் கடந்து வாசல்வரை போனது. மறுநாளும் அதேபோல் போனது. "ஒனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்றார் என் கணவர். நான் வாசல் நிலையில் வேப்பிலை செருகினேன்.

பக்கத்து மனையில் அளவெடுக்க நகராட்சி ஓவர்சியர் வந்திருந்தார். வெட்கத்தை விட்டு அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தரையில் காதை வைத்துக் கேட்டார். எழுந்தபோது அவர் முகமே சரியில்லை.

"பேயெல்லாம் இல்லக்கா. மழத்தண்ணி."

"இங்க ஒரு சொட்டு மழை இல்லையே, சார்?"

"மேக்க பெஞ்சிருக்கும். மழத்தண்ணி போக வாய்க்கா விடணும்னு சொல்லித்தான் மனை பிரிக்க அனுமதியே குடுத்தோம். மனை போட்டவனுவ வாய்க்கால சிப்பியக் கொட்டி மூடி, அதையும் மனையா வித்துப்புட்டானுவ."

"வாய்க்கால் எங்க இருந்துச்சு?"

அவர் என் காலடியைப் பார்த்தார். "நீங்க நிக்குத எடந்தான்."

பேய் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பேயை ஓட்ட ஊரில் ஆள் உண்டு.

இன்றும் அதே வீடுதான். மேற்கே வானம் கறுத்தால், அடுப்படியின் பின்கதவையும் வாசல் கதவையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்துகொள்கிறேன்.