வேலி போட்ட சுமைதாங்கி

செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் செம்மண் சாலையில் மூட்டையைத் தோளில் வைத்தபடி நடந்துகொண்டிருந்தேன். உள்ளே கட்டிப்பால், அதாவது மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலேயே உறைந்துபோன ரப்பர் பால். நாற்பது கிலோவுக்குக் குறையாது. சாக்கிலிருந்து நாற்றத் தண்ணீர் என் முதுகில் வடிந்தது. இறக்கி வைத்து மூச்சு வாங்கியிருக்கலாம். மெயின் ரோடு வரைக்கும் இறக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். எனக்குப் பின்னால் அவர் செத்துப்போன ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாட்டைத் தேடுகிறவர் கூப்பிடுவது போல, கூப்பிட்டுவிட்டு நிறுத்தி, காது கொடுத்துவிட்டு, மறுபடியும்.

அவர் தோட்டத்தில் நான் இருந்தது மூன்று மாதம். எந்த வேலையிலும் அதற்கு மேல் நிலைத்ததில்லை. தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டோடு சரி. அதற்குப் பிறகு லோரி, மீன் சந்தை, கோழிப் பண்ணை என்று கிடைத்ததைச் செய்தேன். புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒருவர் பால்மரம் சீவ ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பத்து ஏக்கர் பழைய ரப்பர், ஒரு பலகை வீடு, பின்னால் மாட்டுத் தொழுவம். சுற்றிலும் செம்பனை. பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை எப்போதோ இடித்துவிட்டார்கள். இரண்டு மைலுக்கு மனிதர்கள் கிடையாது.

முதல் நாள் முதலாளி நான் சீவ வேண்டிய மர நிரையைக் காட்டிக்கொண்டே வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். குரலை உயர்த்தாதவர். பாதையோரம் ஒரு சுமைதாங்கி நின்றது. இரண்டு சிமெண்டுத் தூண், மேலே குறுக்கே ஒரு பலகைக் கல், நெஞ்சு உயரம். அதைச் சுற்றி நான்கு வரி முள்கம்பி.

"இதுல மட்டும் மூட்டைய வைக்காத."

"ஏன் முதலாளி?"

"முந்தி இருந்தவன் வச்சான். அவன் மோட்டாரு கெணத்துல கெடக்கு."

சிரிப்புக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். தண்ணீர் இறைக்கப் போனபோது மோட்டார் சைக்கிளின் ஒரு கண்ணாடியும் கைப்பிடியும் நீருக்கு மேலே தெரிந்தன. அந்த ஆள் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாரோ என்றுதான் பயம்.

மாட்டுத் தொழுவத்தில் மாடு இல்லை. ஒரு பெரியவர் இருந்தார். இனிப்பு நீர் வியாதியில் ஒரு கால் அழுகிக் கறுத்திருந்தது. முதலாளி தினமும் காலையில் தகரத் தட்டில் சோறு கொண்டுபோய்ப் படிக்கு வெளியே வைப்பார்.

"கிராணி ஐயா, தூக்கம் நல்லா வந்துச்சா? கொசு கடிச்சுச்சா?"

பெரியவர் தட்டை உள்ளே இழுத்துக்கொள்வார்.

"எனக்கும் கடிச்சுச்சு ஐயா. பதினோரு வருஷம்."

ஒருநாள் முதலாளி போர்டிக்சனுக்குப் போயிருந்தபோது பெரியவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அவருடைய அப்பா பக்கத்துத் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதும் உத்தியோகம்; அந்தப் பட்டம் மகனுக்கும் ஒட்டிக்கொண்டது. இந்த நிலமும் வீடும் அவர் வாங்கியவை. தாய் தகப்பன் இல்லாத ஒரு பையனை லயத்திலிருந்து கூட்டி வந்து, இதே தொழுவத்தில் படுக்கவைத்து, மாடு மேய்க்க வைத்திருந்தார். அந்தப் பையன்தான் முதலாளி. பெரியவருக்கு ஒரு தங்கை. அவளும் அவனும் விரும்பினார்கள்.

"நான்தான் இந்தத் தொழுவத்துல அவனக் கட்டி வச்சு அடிச்சேன் தம்பி. அதே வாரம் தங்கச்சிய மந்தின் ஊர்ல ஒருத்தனுக்குக் கட்டிக் குடுத்தோம். எட்டாம் மாசம், வயித்துப் புள்ளையோட போயிட்டா."

பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்தவளின் பாரம் இறங்காது. அதற்காக நம் ஆட்கள் சுமைதாங்கி வைப்பார்கள். வழியில் போகிறவன் தன் சுமையை இறக்க இறக்க அவள் சுமை குறையும். கிராணி மகளுக்காக வைத்த கல் அது. வைத்த காலத்தில் பால் வாளியோடு நூறு பேர் அந்த வழியில் போனார்களாம். இப்போது எல்லோரும் பட்டணத்தில். வழியில் இருந்த பாலத்தின் கட்டை உடைந்து மோட்டாரும் வராத அந்தப் பாதையில் சுமையோடு போகிறவன் நான் ஒருவன்தான்.

"அப்புறம் ஏன் வேலி?"

"பாரம் எறங்குனா அவ போயிடுவாளாம். போகக் கூடாதாம் அவனுக்கு. நான் குடிச்சு அழிச்சதெல்லாம் அவன் கைக்குத்தான் போச்சு. என்னைய வெளிய தொரத்தல பாரு, இங்கயே வச்சிருக்கான். தெனம் அந்தக் கல்ல பாக்கணும் நான்."

அதை நான் பாதிதான் நம்பினேன். அந்த வாரம் ஒரு சாயங்காலம் விறகு பொறுக்கப் போனபோது பார்த்தேன். முதலாளி வேலி ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு தேநீர்க் குவளை, கல்லின் அடியில் இன்னொன்று. ஏதோ கேட்டார். காத்திருந்தார். பிறகு பதில் கிடைத்தவர் போலத் தலையை ஆட்டிச் சிரித்தார். விறகைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து கல்லைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் நடப்பேன்.

பெரியவர் என்னை விடவில்லை, மூட்டையை அந்தக் கல்லில் இறக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். கால் மேலே மேலே கறுத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் வேண்டாம் என்பார்.

"நான் செத்தா அவளுக்காகக் கேக்க ஆளில்ல. ஒரு தரம் எறக்கி வை தம்பி. சும்மா கொண்டாந்து வைக்கிற கல்லு மண்ணு செல்லாது. ஒழைச்சுத் தூக்கிட்டு வர்ற பாரமா இருக்கணும்."

"என் மோட்டாரும் கெணத்துக்குப் போகவா?"

"ஒனக்கு ஏது மோட்டாரு?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்த இடத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் முதலாளி பாலத்துக்கு அப்பால் நிறுத்தும் வேனை எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பினார். நான் பத்து மணிக்கு மூட்டையோடு வந்தபோது கல்லின் ஒரு பக்கம் முள்கம்பி அறுந்து கிடந்தது. பெரியவர் தரையில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் ரத்தம். தொழுவத்திலிருந்து அவ்வளவு தூரம் தவழ்ந்தே வந்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகு தாண்டிப் போக முடியவில்லை. மூட்டையை இறக்கினேன். கல் தோளிலிருந்து அதை அப்படியே வாங்கிக்கொண்டது போலிருந்தது.

பெரியவர் தலையைக் குனிந்து அழுதார். அப்போதுதான் பாதையில் முதலாளியைப் பார்த்தேன். வேன் சேற்றில் மாட்டி, நடந்தே திரும்பியிருந்தார். கையில் பாராங் கத்தி.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கல்லில் வழிந்த தண்ணீரைச் சட்டையால் துடைத்தார்.

"போயிட்டாளா?" என்று பெரியவரைக் கேட்டார். ஐயா என்று சொல்லவில்லை.

"போகட்டும் விடுடா. ரெண்டு பேரும் அவள வதைச்சது போதும்."

முதலாளி கல்லை ஒரு முறை தொட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ எறக்குனத நீயே தூக்கு. அவ பாரமும் அதுலதான் இருக்கு. மெயின் ரோடு வரைக்கும் எறக்குன, திரும்பிப் பாத்த, நான் வருவேன்."

தூக்கினேன். முன்பு இருந்ததைவிடக் கனம். பயத்தில் அப்படித் தோன்றியிருக்கும். பெரியவரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அவர் போ, போ என்று கை காட்டினார். எனக்கு அது போதுமாக இருந்தது. அதை இன்று மாற்றிச் சொல்ல முடியாது.

பாதை வளைவு வரைக்கும் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு பெரியவரின் இருமல். பிறகு இரண்டும் இல்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

மெயின் ரோட்டில் பஸ் நிற்கும் இடத்தில் மூட்டையை இறக்கும்போது விரல் பிரியவில்லை. மாலை வரைக்கும் அதன் பக்கத்திலேயே நின்றேன். அந்த வழியாக வந்த போலீஸ்காரர் ஒருவரிடம் அங்கே ஒரு பெரியவர் கால் அழுகிக் கிடக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு இடத்தை எழுதிக்கொண்டார். மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு லுக்குட்டுக்கு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை அங்கே ஒரு இரும்புக் கடை வாசலில் சிமெண்டு லோரி நின்றது. மூட்டை இறக்க ஆள் வேண்டும் என்றார்கள், சேர்ந்துகொண்டேன். முதல் மூட்டை தோளுக்கு வந்ததும் எங்கே இறக்குவது என்று கேட்டேன்.

"எங்கயாச்சும் போடுலா," என்றார் லோரி ஓட்டுநர்.

"எடத்தக் காட்டுங்கண்ணே. காட்டுற வரைக்கும் நிக்கிறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கீழே இறங்கி வந்து இடத்தைக் காட்டினார்.