மாதா பெட்டி நிற்காத ஊர்

கறுப்புத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, மாதா சொரூபம் இருக்கும் பெட்டியைப் பிள்ளையைப் போல இடுப்பில் இடுக்கி எமரென்சியானா தெருவில் இறங்கினால் வால்தேசார்சா கிராமத்தில் பொழுது சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே வீட்டில் மாதா இரண்டு இரவு தங்கக் கூடாது. அடுத்த வீட்டில் ஒப்படைத்துவிட வேண்டும்.

போகிற வழியில் பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு வாசலையும் வைதுகொண்டே போவாள். ரொட்டிக்காரன் பார்சலோனா ஆலைக்கு ஓடினான். கொல்லன் மருமகள் பேச்சைக் கேட்டுப் போனான். வாத்தியாரம்மா போன கையோடு பிள்ளைகளும் போயின. இந்த ஊரின் சரித்திரத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. அவள் வாயில்தான் இருக்கிறது, அதுவும் வசவாக.

மிஞ்சியது அவளும் சதூரியோவும்தான். உள்நாட்டுப் போரில் சதூரியோவின் அப்பா காட்டிக்கொடுத்துத்தான் இவள் சித்தப்பாவைச் சுட்டார்கள். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அற்றுப்போனது. பெட்டி மட்டும் நிற்கவில்லை. படியில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு, முகம் பாராமல் திரும்பிவிடுவார்கள்.

ஊர் முழுக்கக் காலியான பிறகு, வேறு நாதியில்லாமல், அவளே முதலில் வாயைத் திறந்தாள். "பெட்டி பூரா தூசி. உன் வீட்டுல ஒரு துணி கெடையாதா?"

"உன் வாய்க்குப் பயந்துதான் ஊரே ஓடிப்போச்சு" என்றான் அவன்.

அன்றிலிருந்து தினமும் அந்தக் குரலைக் கேட்காமல் அவளுக்குச் சூப்பு இறங்கியதில்லை.

இலையுதிர் காலத்தில் சதூரியோவை அவன் மகள் வந்து சரகோசா நகரத்துக்கு அழைத்துப் போனாள். காரில் ஏறும்போது சொன்னான்: "குளிர் விட்டதும் வந்துர்றேன். பெட்டிய நிறுத்திடாத. அது நின்னா ஊரு முடிஞ்சுது."

"போ, போ. நீயா வரப்போற" என்றாள்.

குளிர்காலம் முழுக்கப் பெட்டியை அவன் வாசலுக்குக் கொண்டுபோய்க் கதவைத் தட்டிவிட்டு, திரும்ப எடுத்து வந்தாள். ஊருக்குப் போனவன் வீடு அது. அப்படிச் செய்வதில் தப்பில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

இன்று காலை வெளியூர் ரொட்டி வண்டிக்காரன் சேதி கொண்டுவந்தான். சதூரியோவை அங்கேயே புதைத்துவிட்டார்களாம். அவளுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. செத்தவன் வீட்டுக் கதவை இனி எந்த முகத்தோடு தட்டுவது?

சாயங்காலம் வழக்கம்போல் பெட்டியோடு இறங்கினாள். எந்த வாசலையும் வையவில்லை. தெருக்கோடி வரை போய்த் திரும்பி, தன் வீட்டுப் படியிலேயே பெட்டியை வைத்தாள். தன் கதவைத் தானே தட்டினாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறமாகச் சுற்றி உள்ளே நுழைந்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, வாசல் கதவைத் திறந்து, இரண்டு கையாலும் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.