காலிப் பெட்டிக்குள் சுழன்ற டிஸ்க்

இது இட்டுக்கட்டிய கதை அன்று. மதுமதி கையெழுத்திட்ட அச்சுத்தாள் இன்றும் இருக்கிறது. அதன் ஓரத்தில், நடந்த நேரங்களை நிமிடக் கணக்காக அவளே குறித்து வைத்திருக்கிறாள். 1996, ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நல்ல பகல் வெளிச்சம்.

பேட்டையில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் அலுவலகம். அம்பாசமுத்திரத்து மருத்துவமனை ஒன்றின் நோயாளிக் குறிப்புகளைக் கழற்றி மாட்டும் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுக்கும் புரோகிராமை அங்கே எழுதினார்கள். அதில் ஒரு பிழை. பெஞ்சு கிடக்கிறது என்பதற்காகவே பையன் வந்துவிட்டான் என்று வருகைப் பதிவேட்டில் எழுதும் வாத்தியாரைப் போல, டிஸ்குக்கு ஒதுக்கிய இடம் இருந்தாலே டிஸ்கும் மாட்டியிருப்பதாக அது நம்பிவிடும். சென்ற மாதம் யாரோ டிஸ்கை மாட்ட மறந்தார்கள். மூலமும் பிரதியும் ஒரே டிஸ்கில் கிடந்து ஒன்றாக அழிந்தன. அந்தப் புரோகிராமைச் சரிபார்த்து ஒப்பமிட்டவள் மதுமதி. இன்னொரு தவறு நேர்ந்தால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

புரோகிராம் எழுதும் நூகு அதைத் திருத்தியிருந்தான். மொத்தம் பன்னிரண்டு வரிகள். டிஸ்க் மாட்டியிருந்தால் திரையில் 'உண்டு' என்று வரும், இல்லையென்றால் 'இல்லை'. ஐந்து மணிக்குள் மதுமதி அதைச் சரிபார்த்து ஒப்பமிட வேண்டும்.

ஒன்றரை மணிக்கே அலுவலக ஊழியர் சிவசைலம் டிஸ்கைக் கழற்றி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, மருத்துவமனையில் கொடுக்க அம்பாசமுத்திரம் பஸ் ஏறிவிட்டார். கம்ப்யூட்டர்ப் பெட்டியில் டிஸ்க் இருந்த இடம் காலி. சோதனைக்கு ஏற்ற நேரம்.

மணி 3.10. ஓட்டிப் பார்த்தாள்.

'உண்டு.'

"நூகு அண்ணே, இங்கன வந்து பாருங்க. இல்லாத டிஸ்க்க உண்டுங்குது."

"வரிவரியாப் பாத்தாச்சு தாயி. ஒரு பெசகும் கெடையாது."

"பெசகு இல்லைன்னா? சைலம் அண்ணாச்சி பையில வச்சிருக்கது என்ன, தேங்கா பன்னா?"

நூகு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அச்சுத்தாளில் பன்னிரண்டு வரிகளையும் விரல் வைத்துப் படித்தாள். மூன்று முறை. எல்லாம் சரியாகவே இருந்தன. அதுதான் எரிச்சலை மூட்டியது. தவறு கண்ணில் பட்டால் திருத்தலாம். படாத தவறை என்ன செய்வது?

மணி 3.40. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள்.

'உண்டு.'

"ஒங்க புரோகிராமுக்கு என்மேல ஏதும் கோவமாண்ணே?"

"என்மேலயும்தான்," என்றபடி நூகு தேநீர் வாங்கக் கீழே போனான்.

மணி 4.05. பட்டறையில் லேத் நின்றது. அப்போதுதான் கேட்டது...

கிர்ர்ர்... டக். கிர்ர்ர்... டக்.

டிஸ்க் சுழலும் ஓசை. காலிப் பெட்டியிலிருந்து.

உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். வெறும் தகரம். ஆனால் அதிர்ந்தது.

பயத்தை மீறிக் கோபம் வந்தது. இல்லாத அந்த டிஸ்கில் ஒரு ஃபைலைத் திறந்து, ஒரே வரி அடித்தாள்: 'இங்கே டிஸ்க் இல்லை.'

மணி 4.12. ஏற்றுக்கொண்டது.

ஓசை நின்றது.

4.20க்குத் தொலைபேசி. சிவசைலம்.

"டிஸ்க்க டாக்டர்ட்ட குடுத்துட்டேம்மா. மூணேகாலுக்கே பீரோல வச்சுப் பூட்டிட்டாரு. இங்கன ரெண்டு மணில இருந்து கரண்ட் இல்ல. நாளைக்குத்தான் மாட்டிப் பாக்க முடியும்."

ஐந்து மணிக்கு அச்சுத்தாளில் 'ஏற்க இயலாது' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை டாக்டர் பீரோவைத் திறந்தார். சிவசைலம் டிஸ்கை மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டு, பேட்டைக்குப் போன் செய்தார்.

"நீ ஏதோ எழுதி வச்சிருக்கியேம்மா. 'இங்கே டிஸ்க் இல்லை'ன்னு. நேரம் 4.12 போட்டிருக்கு."

மதுமதி அச்சுத்தாளின் ஓரத்தைப் பார்த்தாள். அங்கேயும் 4.12.

"கீழ இன்னொரு வரி இருக்கு. அதுவும் நீதானா? 4.13."

"என்னது அண்ணாச்சி?"

"'உள்ளேன்.'"

பேட்டைக் கம்ப்யூட்டரில் அந்த ஃபைல் எங்கும் இல்லை. மதுமதி அச்சுத்தாளில் 'ஏற்க இயலாது' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, 'பிழை ஏதும் இல்லை' என்று எழுதி ஒப்பமிட்டாள். வேறு என்ன எழுத முடியும்?

நூகுவின் பன்னிரண்டு வரிகளுக்கும் தெரிந்தவை 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டே சொற்கள்.

மூன்றாவது சொல்லை யாரும் அவற்றுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.